வில்சன் நின்ற தரை

மனைவி ஜானட்டின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளிலிருந்து, வில்சன் நின்ற இடத்திலெல்லாம் தரை அதிர்ந்தது. ராயபுரத்தில் தரை அதிர்வது புதிதல்ல. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். லாரிக்காரர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும் அது நிற்கவில்லை. பார்க்க வந்த பொறியாளர், கட்டடத்தில் குறையில்லை, குடியிருப்பவரைக் கவனிக்கவும் என்று எழுதிக் கொடுத்துப் போனார். முப்பத்திரண்டு வயது வில்சனுக்கு மட்டும் எந்த அதிர்வும் தெரியவில்லை. டம்ளரில் தண்ணீர் நடுங்குவதைப் பார்த்துக் குழம்பினான்.

எதிர்வீட்டு அஜீசாவின் மகள் தஹ்சீன் பிசியோதெரபிஸ்ட். அவன் காலருகே போனை வைத்து அளந்து, நொடிக்கு முப்பது தடவை என்றாள். எலும்பு தேய்ந்த பெண்களை ஏற்றி நிற்கவைக்க இப்படி அதிரும் பலகை ஒன்று தன் கிளினிக்கில் இருக்கிறதாம். செருப்பில்லாமல், முழங்காலை லேசாக மடக்கி, தினம் பத்து நிமிடம் நின்றால் கால் உறுதிப்படுமாம், விழ மாட்டார்களாம். அன்று மாலையே அஜீசா வந்து நின்றாள். ஆறு மாதத்தில் அறுபது தாண்டிய பெண்கள் பதினோரு பேர் அவனைச் சுற்றி நின்று மீன் விலையையும் மருமகள்களையும் பேசினார்கள். "பேட்டரி தீர்றதுக்குள்ள நிக்கணும், நவுரு" என்று அஜீசா அடைக்கலமேரியை இடித்தாள். அந்த மழைக்காலத்தில் அவர்களில் ஒருத்திகூட விழவில்லை.

ஜானட்டின் அம்மா சிலுவையம்மாள் அதே வீட்டில் இருந்தும் வரவில்லை. இரண்டு தடவை விழுந்து மணிக்கட்டும் இடுப்பும் முறிந்தவள். இன்னொரு தடவை விழுந்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வில்சன் கூப்பிட்டுப் பார்த்தான். "என் பொண்ணைக் குழில எறக்கசொல்ல கல்லாட்டம் நின்னவன், இப்ப இன்னாத்துக்கு ஆடறான்?" என்று அவள் அஜீசாவிடம் கேட்டாள். வில்சனுக்கும் அது விளங்கவில்லை. இன்னொருத்தியையும் குழியில் இறக்கத் தன்னால் முடியாது என்பது மட்டும் தெரிந்தது. அதைச் சொல்ல வரவில்லை. அவள் பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம் கதவுக்கு வெளியே போய் நின்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில், பாத்ரூம் கதவைத் திறந்த சிலுவையம்மாளுக்கு ஈரக்கால் வழுக்கியது. அவன் கை நீட்டுவதற்குள் அவளே நின்றுவிட்டாள். ஆறு மாதமாகக் கதவைத் தாண்டி வந்த அதிர்வு அந்தக் கால்களில் ஏறியிருந்தது. அவள் தரையைப் பார்த்தாள். அவன் கால்களைப் பார்த்தாள்.

"கொஞ்சம் கிட்ட வாப்பா. இங்க கம்மியா கீது."

அவன் கிட்டே போனான். பத்து நிமிடம் நின்றார்கள். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள்.