ஈரக் கவசம்

ருஷ்யாக்காரன் ஒரு நாயை வானத்துக்கு அனுப்பினான். அதைத் திருப்பிக் கொண்டுவர அவனுக்குத் தெரியவில்லை. இந்தச் செய்தி பத்திரிகையில் வந்த காலையிலேயே, அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு தன் தலையில் விழுந்திருப்பதைத் திருவொற்றியூர் கோதண்டம் கண்டுகொண்டார்.

கோதண்டம் ஓர் இரும்பு வார்ப்பட ஆலைக்கு முதலாளி. சாக்கடை மூடிகளும் தையல் மிஷின் கால்களும் அங்கே வார்ப்பார்கள். சில மாதங்கள் மான்செஸ்டரில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் சித்திரை வெயிலிலும் டை கட்டுவார்.

"மேலேர்ந்து வேகமா விழற சாமான் காத்து உரசியே எரிஞ்சுபோயிடுது. எரியாத சட்டை ஒண்ணு போட்டுட்டா நாய் என்ன, மனுஷனே இறங்கலாம்" என்றார்.

சட்டை தயாராயிற்று. ஓர் ஆள் குந்தும் அளவுக்கு இரும்புக் குடுவை. அதன்மேல் களிமண்ணும் உமியும் ஆட்டுமயிரும் வெல்லப்பாகும் பிசைந்து அப்பிய கனமான பூச்சு. அதைச் சிவக்கக் காய்ந்த உலைக்குள் தள்ளி, சற்று நேரம் வைத்து எடுக்க வேண்டும். உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் ஓர் ஆளும் இருப்பார்கள். தெர்மாமீட்டர் விஞ்ஞானத்துக்கு. ஆள் பத்திரிகைக்காரர்களுக்கு.

அந்த ஆள், ஆலையில் இரும்பு ஊற்றும் மண் அச்சு செய்கிற இராயபுரத்து இக்னேஷியஸ். அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "வானத்துலேர்ந்து எறங்கப்போற மொத ஆளு நம்மதான்" என்று வாரம் முழுக்க டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். பூச்சு அவன் கைவேலை. நாள் கணக்கில் கரி நெருப்பில் காயவைத்து, தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்ட பிறகுதான் அவனுக்கு அந்தத் தைரியம் வந்தது.

ஏனென்றால் வார்ப்படத் தொழிலில் ஈரம்தான் எமன். ஈர அச்சில் உருகிய இரும்பு விழுந்தால் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அச்சையே வெடிக்க வைக்கும். போன ஆடியில் அப்படி வெடித்ததில் லட்சுமணன் என்ற தொழிலாளிக்கு ஒரு கண் போயிற்று. அச்சுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குவளையோடு போனவனுக்கு அங்கே உதை விழும்.

ஆனால் சோதனை விழா நாளன்று கவசத்துக்கு மாலை போட்டுவிட்டார்கள். அதுவரை அது அச்சு. மாலை விழுந்ததும் சாமி. சாமிமேல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று யாருக்குத் தோன்றும்? குருக்கள் ஒரு குடம் நீரும் ஒரு செம்பு பாலும் அபிஷேகம் செய்தார். தலைமை தாங்க வந்த ரிட்டையர்டு ஜட்ஜ், சர்வமத நல்லெண்ணம் பற்றி நாலு வார்த்தை பேசினார். உடனே இக்னேஷியஸின் மனைவி ஃப்ளோரா, மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தில் சொட்டு விடவேண்டிய இடத்தில் புட்டியையே கவிழ்த்தாள். உலைக்காரன் காஜா மொய்தீன், தன் தோஸ்து இக்னேஷியஸுக்காக தர்காவில் ஓதி வாங்கிய தண்ணீரைச் சொம்போடு சாய்த்தான். காய்ந்த களிமண் மூன்று மதத்தையும் பாரபட்சமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது.

இக்னேஷியஸ் பூச்சை விரலால் அழுத்தினான். விரல் உள்ளே போயிற்று. நிமிர்ந்தபோது கோதண்டமும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஈரமா கீது சார்."

"மெதுவாப் பேசுடா."

"வெடிச்சுரும் சார். லட்சுமணன் கண்ணு இன்னா ஆச்சு?"

"தெரியும். ஜட்ஜ் ஐயாவுக்கு மாதவரத்துல இன்னொரு தலைமை இருக்கு. இப்பப் போயி காயவைக்கிறேன்னு நின்னா என் மானம் போயிடும்."

"எனக்கு உசுரு பூடும் சார்!"

"வாரம் பூரா டீக்கடையில பீத்திக்கிட்டது யாரு? நானா?"

இக்னேஷியஸ் கூட்டத்தைப் பார்த்தான். ஏற மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். எந்தத் தண்ணீரைக் குற்றம் சொல்வது? குருக்களுடையதையா, பாதிரியாருடையதையா, தர்காவுடையதையா? மூன்றையும் ஒரே மூச்சில் பழிக்கும் தைரியம், வானத்திலிருந்து விழுகிற தைரியத்தைவிடப் பெரிது. அவன் ஏறிக் குந்தினான்.

காஜா மொய்தீன் மூடியை முடுக்கினான். ஈரத்தின் ஆபத்து அவனுக்கும் இப்போதுதான் உறைத்திருந்தது. "மாமு, பயமா கீதா?"

"இல்ல."

"எனக்குக் கீது மாமு."

மூடி இறுகியது. உள்ளே இருட்டு. குடுவையின் அடிச் சக்கரங்கள் உலையை நோக்கி உருண்டன. வெளியே பாண்டு வாத்தியம் ஆரம்பித்தது.

முதலில் வாணலியில் அப்பளம் பொரிவதுபோல் ஒரு சீறல் கேட்டது. பிறகு அது நின்றது. நின்றதுதான் மோசம்: பூச்சின் மேல்தோல் சுட்டு இறுகிவிட்டது, ஆவி உள்ளே மாட்டிக்கொண்டது. முதுகில் இரும்பு மெல்லச் சுட்டது. இக்னேஷியஸ் ஜெபம் சொல்ல முயன்றான். பிறந்ததிலிருந்து சொல்லிவந்த ஜெபத்தில் முதல் வரிக்கு மேல் நினைவு வரவில்லை. காதருகே 'சட்'டென்று ஒரு விரிசல். பிறகு தலைக்குமேல் பீரங்கி வெடித்தது போல் ஒன்று. குடுவை குலுங்கியது. இரு கைகளாலும் சுவரில் அறைந்தான், கத்தினான். வெளியே பாண்டுக்காரர்கள் உச்சத்தில் இருந்தார்கள்.

இரண்டாவது வெடிப்பில் ஒரு பாளம் களிமண் உலையின் வாய்வழியே பறந்து, பந்தலைக் கிழித்து, பெரிய டிரம்மின் வயிற்றில் பாய்ந்தது. வாத்தியம் நின்றது. அந்த நிசப்தத்தில்தான் உள்ளே ஒரு மனிதன் அலறுவது ஊருக்குக் கேட்டது. காஜா மொய்தீன் யார் உத்தரவுக்கும் காத்திராமல் சங்கிலியைப் பிடித்துக் குடுவையை வெளியே இழுத்தான்.

மூடி திறந்தது. இக்னேஷியஸ் உயிரோடு இருந்தான். கால்சட்டை நனைந்திருந்தது, அந்தத் தண்ணீரை யாரும் ஊற்றவில்லை.

ஜட்ஜ் நாற்காலிக்குப் பின்னாலிருந்து எழுந்து வேட்டியை உதறினார். கோதண்டம் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். அவர் எதிர்பார்த்ததில் பாதிச் சூடுகூட ஏறியிருக்கவில்லை. உரிந்து பறந்த பூச்சு சூட்டையும் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அவர் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது. அதோடு மேடையும் நினைவுக்கு வந்தது.

"பெரியோர்களே! கவசம் வெடிக்கணும், உரியணும், சூட்டை எடுத்துக்கிட்டுப் போகணும். நான் போட்ட திட்டமே அதுதான்! அடுத்த ஞாயிறு ரெட்டைக் கனத்துல பூச்சு, ரெட்டை அபிஷேகம்! உள்ளே இதே வீரர்!"

கைதட்டல். முந்தானையால் இக்னேஷியஸின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஃப்ளோரா எழுந்து நின்றாள்.

"சார், எம் புருசன் ஒரு தபா எறங்கிட்டாரு. போதும். எல்லாம் நீங்க போட்ட திட்டமுன்னு சொல்றீங்களே, அடுத்த தபா நீங்க குந்துங்க. தண்ணி நான் ஊத்தறேன்."

"பேஷ்! இதுவல்லவோ தலைமைக்கு அழகு? நான் வழிமொழிகிறேன்" என்றார் ஜட்ஜ். எதையும் வழிமொழிந்து பழகியவர். முன்னைவிடப் பலமாகக் கைதட்டல் எழுந்தது. யாரோ ஒரு ரோஜா மாலையைக் கோதண்டத்தின் கழுத்தில், டைக்கு மேல், போட்டார்கள்.

உலையின் வாய் இன்னும் திறந்தே கிடந்தது. கோதண்டம் அதைப் பார்த்தார், பிறகு இக்னேஷியஸைப் பார்த்தார். சற்று முன் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இக்னேஷியஸுக்கு அப்போது தெரிந்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஃப்ளோராவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.