அடுப்படியில் வளர்ந்த வேர்

பதினோரு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் தேவகுமாரி தற்காலிகம்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் தாளாளர் திருமலைச்சாமி முன்னால் போய், “இந்த வருஷமும் வேலை உண்டுங்களா சார்?” என்று கேட்டு நிற்க வேண்டும். அந்த வெட்கக்கேட்டுக்கு இந்தப் பிப்ரவரியில் முடிவு வரும்போல இருந்தது. செய்முறைத் தேர்வு முடிந்ததும் ஒருவரை நிரந்தரமாக்குவதாக அவரே சொல்லிவிட்டார். போட்டிக்கு வந்தவள் ஸ்வேதா. மதுரைக்காரி, எம்.எஸ்சி. தாவரவியல்.

வெங்காய வேர்நுனியில் ஒரு செல் இரண்டாகப் பிரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பை ஸ்வேதாவிடம் கொடுத்தார்கள். அவள் மதுரையில் செய்ததுபோலவே வெங்காயத்தைத் தண்ணீர் டம்ளரில் ஆய்வக ஜன்னலில் வைத்தாள். கொடைக்கானல் குளிரில் வேர் எங்கே ஒழுங்காக வளரும்? தேவகுமாரி எப்போதும் நாயுடுபுரத்து வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில்தான் வேர்விட வைப்பாள். காலை ஒன்பது மணி வாக்கில் நுனியை வெட்டி மருந்துக் குப்பியில் போட்டால், செல்கள் பிரிகிற நிலையிலேயே அப்படியே நின்றுவிடும். பழக்க தோஷத்தில் இந்த வருஷமும் அப்படியே செய்திருந்தாள். ஸ்வேதாவிடம் வாய் திறக்கவில்லை. கெட்டுப்போகட்டுமே என்று நினைத்தாள், அதுதான் உண்மை.

தேர்வன்று வெளியூர்த் தேர்வாளர் ஸ்வேதாவின் வேர்நுனியை வைத்திருந்த நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். “எங்கம்மா பிரியுது? எல்லாம் சும்மாவுல்ல கெடக்கு!”

பன்னிரண்டு பிள்ளைகளும் மிரண்டுபோய் நின்றார்கள். சௌம்யா என்ற பெண் அழவே தொடங்கிவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் வேலை தேவகுமாரிக்குத்தான். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. பையிலிருந்து குப்பியை எடுத்தாள், நுனிக்குச் சாயமேற்றிச் சூடுகாட்டிக் கட்டைவிரலால் நசுக்கினாள். கண்ணாடிக்கடியில் சிவப்பு இழைகள் நடுவில் வரிசைகட்டி நின்றன. பக்கத்துச் செல்லில் அவை சரிபாதியாகப் பிரிந்து இரண்டு முனைக்கும் விலகிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் அவசர அவசரமாக வரைந்தார்கள்.

“பிரமாதம்! யாரு செஞ்சது?” என்றார் தேர்வாளர்.

“நம்ம ஸ்வேதா மேடம் சார், எம்.எஸ்சி.,” என்றார் அப்போதுதான் உள்ளே வந்த திருமலைச்சாமி. ஸ்வேதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை உத்தரவு ஸ்வேதா பேருக்கு வந்தது. “டிகிரி வேணும்ல தேவகுமாரி? ஒனக்கு வேற எடத்துல சொல்லி வைக்கேன்,” என்று தாளாளர் கதையை முடித்துவிட்டார்.

வாசலில் ஸ்வேதா ஓடிவந்து கையைப் பிடித்தாள். “கோவிச்சுக்காதீங்கக்கா. அடுத்த வருஷ பரீட்சைக்கும் நீங்களே வேர் வளத்துக் குடுத்துருவீங்கள்ல?”

கேலி இல்லை, மனசாரத்தான் கேட்டாள். தேவகுமாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதுவரை மேடம், வாங்க, போங்க என்றே பேசியவள் கையை உதறினாள்.

“அப்ப நீ எதுக்குடி இருக்க?”

ஸ்வேதா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் வேலை வேண்டாம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.