ஒன்பதில் எட்டு எழுத்து

வைரஸின் புரதத்தை, ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஓர் எழுத்து வீதம், எழுத்து எழுத்தாகக் கம்ப்யூட்டரில் போட்டு, நம் எதிர்ப்பு சக்தி எந்தத் துண்டை அடையாளம் கண்டு பாயும் என்று கணித்துச் சொல்வது அவள் வேலை. அவள் பொறுக்கிக் கொடுத்த ஆறு துண்டுகளை வைத்துத்தான் புதுத் தடுப்பூசி தயாரானது. அன்றுதான் முதன்முதலாக மனிதர்களுக்குப் போட்டார்கள். முன்வந்த இருபது பேரில் அவள் தம்பியும் ஒருத்தன். “அக்கா கண்டுபிடிச்ச ஊசிக்கு நானே பயந்தா எப்படி?” என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டவன்.

காலை பத்து மணிக்குப் பழைய கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு துண்டு மனிதப் புரதம் எதையாவது ஒத்திருந்தால், எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்கிவிடும். அதனால் எல்லாத் துண்டுகளையும் மனிதப் புரதங்களின் முழுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அவள் ஒப்பிட்டிருந்தது, சும்மா சோதித்துப் பார்க்க வைத்திருந்த சின்னப் பட்டியலோடு. மாற்ற மறந்திருந்தாள்.

முழுப் பட்டியலைப் போட்டு மறுபடி ஓட்டினாள். ஐந்து துண்டுகள் சரி. நான்காவது துண்டின் ஒன்பது எழுத்தில் எட்டு, இதயத் தசையின் புரதத்தோடு அப்படியே பொருந்தியது.

திரையை மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே இன்னும் பயமாக இருந்தது. எழுந்து ஓடினாள்.

எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், தம்பி புஜத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வர்றே?”

அவனைத் தாண்டி நேராக டாக்டரிடம் போனாள். “நிறுத்துங்க டாக்டர். தப்பு நடந்துபோச்சு. என் தப்புதான்.”

டாக்டர் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார். அதற்குள் மூன்று பேருக்குப் போட்டாகிவிட்டது. விஷயத்தைக் கேட்டவர், “ஒண்ணும் ஆகாமலே போகலாம். ஆனா கூடவே இருந்து பார்க்கணும்,” என்றார். குரலில் தெம்பில்லை.

ஆறு வாரம் மூவரின் ரத்தத்தையும் இதயத்தையும் பரிசோதித்தார்கள். தம்பி மாடிப்படி ஏறினால் பின்னாலேயே போய் அவன் மூச்சை எண்ணினாள். ஒருநாள் அவன் நெஞ்சைத் தடவியபோது, செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். வெறும் நெஞ்செரிச்சல்.

மூவருக்கும் எதுவும் ஆகவில்லை. நான்காவது துண்டை நீக்கிவிட்டு ஊசியை மறுபடி தயாரித்தார்கள். ஒப்பீட்டை இனி இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்று அவள் எழுதிக் கேட்டாள், ஒத்துக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள், தம்பி பதறிப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதாள்.