லவ் பேர்ட்ஸ் பஞ்சாயத்து

தொழிற்சாலையில் அவருக்குச் சமாதானப் புறா என்று பட்டப்பெயர். மனிதவள அதிகாரி. இரண்டு தொழிலாளிகள் முறைத்துக்கொண்டால் ஒருவரைப் பகல் ஷிப்டுக்கும் மற்றவரை இரவு ஷிப்டுக்கும் தள்ளிவிடுவார். சத்தம் நின்றுவிட்டால் சண்டை தீர்ந்தது என்பது அவர் கட்சி.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஆசைப்பட்டு நாலு லவ் பேர்ட்ஸ் வாங்கினார். நாலு பதினாலாயிற்று. வீட்டில் சும்மா கிடந்த ஒரே அறையும் அவற்றுக்கே போனது. துணி தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி, தையல் மிஷினைச் சமையலறை வாசலில் போட்டுக்கொண்டு குக்கர் ஆவியில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள்.

கூண்டுக்குள் தினமும் அடிதடி. முட்டையிட மாட்டியிருந்த மண்பானை ஒன்றுக்கு இரண்டு பெட்டைகள் போட்டி போட்டன. ஒன்றின் காலை மற்றது ரத்தம் வரக் கடித்துவைத்தது. அன்றுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"இனிமே ஒரு முட்டை விழுந்தாலும் அந்த ரூம் எனக்கு. சொல்லிட்டேன்."

"ப்பூ, இவ்வளவுதானா? ஆயிரம் பேரைக் கட்டி மேய்க்கிறவன்டி நான்."

வாய்தான் அப்படிச் சொன்னது. சாயங்காலம் அந்த அறையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் அவருக்கு உயிர் வரும். அதை விட்டுக்கொடுக்க மனசில்லை.

முட்டை வேண்டாமென்றால் பறவை வளர்ப்பவர்கள் செய்வது சுலபமான காரியம். ஆணைத் தனியாக, பெட்டையைத் தனியாகப் போட்டு, பானையைக் கழற்றிவிடுவார்கள். இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நிர்வாகம் படித்தவருக்கு அது காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கு யாரோடு ஒத்துப்போகிறது என்று கவனித்தார். ஒத்துப்போகிற இரண்டிரண்டாகப் பிரித்து ஏழு கூண்டுகளில் போட்டார். யாருக்கும் மனக்குறை வரக்கூடாது பாருங்கள், கூண்டுக்கு ஒரு பானையும் மாட்டினார்.

அறை கப்சிப். ஒன்று மற்றதற்கு வாயில் இரை ஊட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? இதுக்குப் பேருதான் டீம் ஒர்க்!"

மனைவி ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மாதம் திரும்பவில்லை. ஏழு கூண்டு, ஏழு பானை, ஏழிலும் முட்டை. அவள் ஒவ்வொரு பானையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"உக்காந்து பேசித் தீத்துக்கலாமே."

"நீங்க எதைத் தீத்திருக்கீங்க? சண்டை போட்டா பிரிச்சு வெப்பீங்க. போடலைன்னா சந்தோஷமா இருக்காங்கன்னு நெனச்சுக்குவீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து நான் சண்டையே போடலல்ல?"

அவருக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரி எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டவர் அவர். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கூண்டுகளைக் கூடத்துக்கு மாற்றினார். மிஷினை மூச்சு வாங்க அவரே நகர்த்திக்கொண்டுபோய், அவள் காட்டிய இடத்தில், ஜன்னலோரம் வைத்தார். நாற்காலியைத் தூக்கப்போனபோது அவள் தடுத்தாள்.

"அது இருக்கட்டும். தைக்க உக்காரணும்ல?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மிஷின் ஓடத் தொடங்கியது. அவர் ஏழு கூண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, எங்கே உட்காருவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.