காக்க வைக்கக் கூடாது

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிம்மா?" என்று உஸாமா காக்கா வாசலிலேயே நின்றார். உள்ளே பாயில் என் தங்கை இல்மா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். காக்கா அவள் புருஷன் மூஸாவுக்கு அண்ணன். மூஸாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் நடுக்கடலில் இருந்தது, போன் போகவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குமா கேக்கணும்?" என்றேன்.

எங்கள் காயல்பட்டினத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து தங்குவார். அந்த வீடும் இல்மாவின் பெயரில் இருந்தது. ஆனாலும் காக்கா மனம் வந்து கார் பிடித்த பிறகுதான் நாங்கள் தூத்துக்குடிக்குக் கிளம்பினோம்.

தனியார் ஆஸ்பத்திரி. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, கரு குழாயில் தங்கியிருக்கிறது, உள்ளே ரத்தம் கசிகிறது, குழாயை எடுத்தாக வேண்டும் என்றார். முன்பே ஒரு குழாயை இப்படித்தான் எடுத்திருந்தார்கள். இதுவும் போனால் இனி வயிற்றில் பிள்ளை தங்காது.

"வீட்டுக்காரர் எங்க?"

"கடல்ல" என்றாள் இல்மா. "பேனாவைத் தாங்க, நான் கையெழுத்துப் போடுதேன்." படுத்தபடியே ஒப்புதல் காகிதத்தில் முழுப் பெயரையும் எழுதினாள்.

டாக்டரம்மா அந்தக் காகிதத்தை எடுத்து ஓரமாக வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"சட்டப்படி இது போதும். எனக்குத் தெரியாம இல்லம்மா. போன வருஷம் சட்டத்தை நம்பித்தான் ஒரு பொண்ணுக்கு எடுத்தேன். என்னைக் கேக்காம எப்படி எடுத்தேன்னு புருஷன் ஆள் கூட்டிட்டு வந்து கண்ணாடியை எல்லாம் உடைச்சான். இன்னிக்கும் கோர்ட்டுக்கு நான்தான் அலையுதேன். குடும்பத்துல ஒரு ஆம்பளை கையெழுத்துப் போடட்டும்."

உஸாமா காக்கா பின்வாங்கினார். "என் தம்பிக்குப் பிள்ளை இல்லாம ஆக்குத காகிதம் இது. நான் போட்டுட்டு அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

இல்மா என் கையைப் பிடித்துச் சிரித்தாள். "வீட்டுப் பத்திரத்துல நான் போட்டது செல்லுது. வயித்துக்கு மட்டும் செல்லாதாமே, ராத்தா. வயிறு யார் பேர்ல இருக்காம்?"

பக்கத்தில் நின்ற நர்ஸும் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா வெளியே போய்விட்டார்.

வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றேன். இந்த நிலையில் அசைக்கவே கூடாது என்றார்கள். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. காக்கா விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். கப்பல் ஆபீசில், செய்தி அனுப்பியிருக்கிறோம் என்றே சொன்னார்கள். இல்மா தண்ணீர் கேட்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர் கூடாதாம்.

அவள் உதடு வெளுத்துக் கண் செருகியதும் எல்லோரும் ஓடி வந்தார்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். அப்போது யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

சாயங்காலத் தொழுகை அசருக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

கவுண்டரில் இருந்தவர் ஒரு காகிதத்தை நீட்டினார். "பாடியை வாங்க ஒரு கையெழுத்துப் போடணும்மா."

"நான் போடலாமா?"

"சொந்தக்காரங்க யார் போட்டாலும் சரிதான்."

பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டேன். "காலையில என் தங்கச்சி போட்ட காகிதம் உள்ள இருக்கு. அதுல ஒரு நகல் தாங்க. பார்த்துட்டு இதுல போடுதேன்."

அவர் அங்கே நின்ற டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தரையைப் பார்த்தார்.

"அதெல்லாம் மேல கேக்கணும். நேரமாகும்மா."

"ஆகட்டும்."

உஸாமா காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். "கதீஜா, மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாதும்மா. பொழுது அடைஞ்சு மஃரிப் பாங்கு சொல்றதுக்குள்ள அடக்கிரணும்."

"காலையில இருந்து உசுரோட காத்துக் கிடந்தா, காக்கா. இன்னும் கொஞ்ச நேரம் இருப்பா."

பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.