மூன்று வருட மை

இனிமேல் என் ஜாதகத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று போன மாதமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். பார்த்த லட்சணம் இந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்பாவும் தம்பி ரகுவும் லேப்டாப்பைத் திறந்துவைத்து, எந்தப் பிரிண்டர் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

எதற்குப் பிரிண்டர்? என் ஜாதகத்தைப் பிரதி எடுக்க. இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டதாம். அப்பா கணேசமூர்த்தி, ரிட்டயர்டு இன்ஜினீயர், ஜாதகத்தைப் போனில் அனுப்ப மாட்டார். தாளில் எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கவரில் போட்டுத்தான் கொடுப்பார். அப்போதுதான் மரியாதையாம். ஒன்பது வருடமாக இந்த மரியாதை நடக்கிறது. எனக்கு முப்பத்து நான்கு வயது. கம்பெனியில் என் கீழே இருபது பேர் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் நான் இரண்டு பக்கம் ஜாதகம், ஒரு பக்கம் பயோடேட்டா.

"தெருமுனையில ஜெராக்ஸ் கடை இருக்கேப்பா?" என்றேன்.

"அங்க இனிமே போக மாட்டேன். போறப்பெல்லாம் 'இன்னூ ஆகில்வா சார்?'னு கேக்கிறான். பத்து பேர் முன்னாடி."

இன்னும் கல்யாணம் ஆகலையா என்று கடைக்காரன் கன்னடத்தில் கேட்கிறானாம். ஆக, அவருடைய மானம் காப்பாற்றப்பட வேண்டும். என்னுடையதை மஞ்சள் தடவி ஊரெல்லாம் கொடுக்கலாம்.

ரகு ஐ.டி.யில் இருக்கிறவன். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மேதாவி. எக்ஸெல் இல்லாமல் அவனால் தோசைகூடச் சுட முடியாது. "டேங்க் பிரிண்டர்னா, ஒரு தடவை மை ஊத்தினா ஆறாயிரம் பக்கம் வரும்ப்பா" என்றான்.

ஆறாயிரத்தை மூன்றால் வகுத்தேன். இரண்டாயிரம் மாப்பிள்ளைகள். "கர்நாடகா பூரா தேடினாலும் அவ்வளவு பேர் இருக்காங்களாடா?"

"அக்கா, சும்மா இரு. மைக்குச் சந்தா கட்றதுதான்ப்பா பெஸ்ட். மாசம் அம்பது பக்கம். தீரப் போகுதுன்னா பிரிண்டரே கம்பெனிக்குச் சொல்லிடும், மை வீடு தேடி வரும். நடுவுல நிறுத்தினா மட்டும், உள்ள மை இருந்தாலும் பிரிண்ட் ஆகாது."

"அப்ப நிறுத்தவே கூடாது" என்றார் அப்பா.

"ஒரு வருஷமா, மூணு வருஷமா? மூணுன்னா நல்ல டிஸ்கவுண்ட்."

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மூணு வருஷமே போட்டுடு."

அதுவரை எனக்கு எரிச்சல்தான் இருந்தது. இப்போது வலித்தது. கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் 'இந்தத் தையில் முடிந்துவிடும்' என்று சொல்கிற மனிதர், மனதுக்குள் என்னை முப்பத்தேழு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார். நம்பிக்கையும் கிடையாது, விடவும் மாட்டார். இதற்குப் பெயர் அக்கறையாம்.

பிரிண்டர் வந்ததும் ஸ்கேன் செய்ய வேண்டுமென்று, ஜோசியர் கைப்பட எழுதிய அசல் ஜாதகத்தை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார்கள். அதை மடித்து என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"இது என்னோடது. வேணுங்கிறவங்க என்கிட்ட வந்து கேக்கட்டும்."

அப்பா வாயைத் திறந்தார். திட்டுவார், இல்லாவிட்டால் ஏன் என்றாவது கேட்பார் என்று நின்றேன். எதுவானாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவர் என் பக்கம் திரும்பாமல் ரகுவிடம் கேட்டார்:

"அந்த ஆஃபர் இன்னிக்கோட முடியுதா, நாளைக்கும் இருக்குமா?"