தாத்தா உசரத்து சீட்டு

உதயசூரியன் கொண்டுவந்த ஜீப்பில் அவருடைய தாத்தா காலத்தது என்று சொல்ல இரண்டே பொருள்கள்தான் இருந்தன. ஒன்று சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், இன்னொன்று அதில் குத்தியிருந்த நம்பர். மற்றதெல்லாம் வடக்கே ஏதோ ஓர் ஊரில் பழைய மாதிரியைப் பார்த்துப் புதுத் தகரத்தில் அடித்த பாடி. பச்சைப் பெயின்ட் வாசம்கூட இன்னும் போகவில்லை. அதை அன்னவாசலில் எங்கள் சீட் கடை வாசலில் நிறுத்திவிட்டு, "அறுபது வருசத்து வண்டி, பாத்துத் தொடுங்க" என்றார்.

உள்ளே சீட் இல்லை. அதை நாங்கள் செய்து மாட்ட வேண்டும்.

நாங்கள் என்றால் நான். அப்பா அடைக்கலத்துக்கு முப்பது வருடம் பஸ் சீட்டும் டிராக்டர் சீட்டும் தைத்ததில் முதுகு போய்விட்டது. மூன்று வருடமாக அளவு எடுப்பது, ஃபிரேம் வளைப்பது, வெல்டிங், ஸ்பான்ஜ் வெட்டுவது எல்லாம் என் கை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா சொல்வது ஒன்றுதான்: "புள்ள சும்மா கூடமாட இருக்கு." பெண்பிள்ளை அளவெடுத்தது என்று தெரிந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்களாம்.

ஜீப் வந்த அன்றே சொல்லிவிட்டேன். "இந்த வேலை யாரு செஞ்சதுன்னு நீங்க அவர்கிட்ட சொல்லணும்ப்பா. இல்லாட்டி பொங்கல் கழிஞ்சதும் நான் ஓசூர் போறேன். அங்க சீட் கம்பெனியில வரச் சொல்லியிருக்காங்க."

அப்பா தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டார் என்றும் சொல்லலாம், ஈ விரட்டினார் என்றும் சொல்லலாம்.

உதயசூரியன் பதினெட்டு வருடம் கத்தாரில் இருந்துவிட்டு வந்து இப்போது சமூக சேவகர். குடுமியான்மலைக்குப் பக்கத்தில் அவர் ஊரில் பொங்கல் விளையாட்டு விழா. ஜீப்பில் வந்து இறங்கிப் பரிசு கொடுப்பதாக ஃபிளக்ஸ் வைத்தாகிவிட்டது. ஃபிளக்ஸில் இருந்த ஜீப்புக்குச் சீட் இருந்தது.

மறுநாள் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தோடு வந்தார். ஜீப்பில் அவர் தாத்தா, ஊரையே கீழே பார்க்கிற உயரத்தில். ஓரத்தில் குடை பிடித்த ஒரு கை மட்டும் தெரிந்தது. கைக்கு உரிய ஆள் படத்தில் இல்லை.

"இதே உசரத்துல வேணும் அடைக்கலம்."

நான் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். "அய்யா, அவுங்க ரெண்டு தலகாணி மேல உக்காந்திருக்காங்க. ஓரத்துல உறை தெரியுது பாருங்க."

அவர் அப்பாவைப் பார்த்தார். "ஒம்மக என்னய்யா சொல்லுது?"

நான் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். தமிழில்தான் பேசினேன்.

"இன்னொண்ணுங்க. படத்துல முன் கண்ணாடியை மடிச்சு பானட் மேல சாச்சிருக்கு. அந்தக் கால வண்டியில மடியும். இந்த பாடியில மடிக்கிறதுக்குக் கீலே வைக்கல, வெல்டு வச்சு நிறுத்திட்டாங்க. பன்னெண்டு இஞ்சுக்கு மேல சீட்டைத் தூக்குனா கண்ணாடியோட மேல் சட்டம் நேரா உங்க கண்ணுக்கு வரும்."

"எங்க தாத்தா தலகாணி போட்டு உக்காந்தாருங்குதா ஒம்மக?"

"அய்யய்யோ, அப்புடி இல்லங்க. ஏத்தா, செத்த சும்மா இரு."

"எனக்குப் பதினாறு இஞ்சு வை. டிரைவருக்குப் பன்னெண்டு போதும். அவனும் நானும் ஒரே உசரத்துல உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"சரிங்க" என்றார் அப்பா.

பதினாறு வைத்தேன். ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் நான்கு முறை சொல்லிவிட்டேன். சாமி கும்பிடாமல், நேரம் பார்க்காமல் புது சீட்டில் உட்கார மாட்டாராம். அறுபது வருடத்து வண்டிக்குப் புதுசு என்ற கணக்கில் பூஜை. அதுவும் விழா அன்று, ஊர் எல்லையில், பத்தரை மணிக்கு. அதனால் அவர் ஏறாமலே டிரைவர் அருள்மணி ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனான்.

சீட் போட்டவருக்கு மேடையில் துண்டு போர்த்துவதாகச் சொல்லி அப்பாவை அழைத்திருந்தார்கள். மைக் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். மைக் கையில் வந்தால் அப்பா என்ன சொல்வார் என்று கேட்கவே நானும் அப்பாவோடு அந்த ஜீப்பிலேயே பின்னால் உட்கார்ந்து போனேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது, சூடம் எரிந்தது, உதயசூரியன் ஸ்டூல் போட்டு ஏறினார். பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்தால் தொங்குமே, அப்படிக் கால் தொங்கியது. முன்னால் கேமராவோடு நின்ற போட்டோகிராபர் சந்தோஷ்குமார் அங்கிட்டு நகர்ந்தான், இங்கிட்டு நகர்ந்தான், பிறகு கேமராவை இறக்கினான்.

"அண்ணே, கண்ணைக் குறுக்கால கம்பி மறைக்குது. பேப்பர்ல பிடிபட்ட ஆளுக்குக் கறுப்புப் பட்டை போடுவாங்கள்ல, அந்த மாதிரி விழுதுண்ணே."

கபடி டீம் மொத்தமும் சிரித்தது. உதயசூரியன் குனிந்து பார்த்தார். வயிற்று வலிக்காரர் மாதிரி இருந்தது. கழுத்தை நீட்டினார், சட்டம் மூக்குக்கு வந்தது.

"அடைக்கலம்! இந்த சீட்டை யாருய்யா அளந்தது?"

இருபது நாளாக நான் கேட்டுக் காத்திருந்த வார்த்தை அப்போது வந்தது. மைக்கே தேவைப்படவில்லை.

"எம்பொண்ணுதாங்க!"

ஊரே என் பக்கம் திரும்பியது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அளவெடுத்தது நான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சந்தோஷப்படுவதா, அழுவதா என்று யோசிக்க நேரமில்லை.

"ஆமா, நான்தான் அளந்தேன்" என்றேன். "நான் அளந்தது பன்னெண்டு. நீங்க சொன்னது பதினாறு."

"யோவ் அடைக்கலம், எறக்கிக் குடுய்யா. பரிசுக்கு நேரமாச்சு."

"அவருக்கு முதுகு முடியாது. என்கிட்ட கேளுங்க."

மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். உதயசூரியன் கம்பிக்குக் கீழே குனிந்து, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"எறக்க முடியுமாம்மா?"

"பத்து நிமிசம். மொதல்ல நீங்க எறங்குங்க."

ஸ்பேனரோடுதான் வந்திருந்தேன். நான்கு போல்ட்டைக் கழற்றி, ஃபிரேமை இறக்கி, ஸ்டாண்டில் நான்கு இஞ்ச் கீழே போட்டு வைத்திருந்த இன்னொரு வரிசை ஓட்டையில் முடுக்கினேன். எட்டு நிமிடம்தான் ஆனது.

அவர் ஏறினார். கால் தரையில் பட்டது. கண், மூக்கு, மீசை எல்லாம் கண்ணாடி வழியாக ஒழுங்காகத் தெரிந்தன. ஆனால் பக்கத்தில் அருள்மணி இரண்டு விரல்கடை உயரமாகத் தெரிந்தான். கூட்டத்தின் பின்னால் யாரோ, "டிரைவரு வந்துட்டாரு, அய்யா வரலையா?" என்று கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

உதயசூரியன் எதிர் வீட்டைப் பார்த்துக் கையை ஆட்டி மெதுவாக என்னவோ கேட்டார். பூப்போட்ட உறையோடு ஒரு தலையணை வந்தது. அதைப் போட்டு அமுக்கி உட்கார்ந்தார். தாத்தா காலத்தது என்று சொல்ல அந்த வண்டியில் மூன்றாவதாக ஒரு பொருள் சேர்ந்தது.

மேடையில் அப்பாவுக்குத் துண்டு போர்த்தினார்கள். மைக்கை நீட்டினார்கள். "எல்லாம் அய்யாவோட யோசனைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

திரும்பும்போது ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டேன். அன்னவாசல் வந்த பிறகு அப்பா கேட்டார்.

"அந்த ரெண்டாவது வரிசை ஓட்டையை எப்பத்தா போட்ட?"

"நீங்க அவருகிட்ட 'சரிங்க'ன்னு சொன்னீங்கள்ல, அன்னைக்கே. பஸ்ஸுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. திங்கக்கிழமை ஓசூர் போறேன்."

மறுநாள் காலையில் ஒரு டிராக்டர்காரர் கிழிந்த சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா துணியை வெட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "அளவெல்லாம் அதுகிட்ட சொல்லுங்க. அதுதான் எடுக்கும். திங்கக்கிழமைக்கு மேல வந்தா இங்க அளக்க ஆளு கெடையாது."

டிராக்டர்காரர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சீட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"கொஞ்சம் உசரமா இருக்கட்டும் தாயி" என்றார்.

"மொதல்ல உக்காருங்க" என்றேன்.